இரவுக்கு ஒன்று, எத்தனை நாளுக்கு? நித்திரைக் குளிசைகள்: ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்து மருந்துக்கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி, "நித்திரைக்கு எந்தக் குளிசை நல்லது?" என்பது. அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. இரவின் எந்தப் பகுதி உடைகிறது? தொடங்கும் குளிசை எத்தனையாம் திகதியோடு நிற்கப் போகிறது? இரண்டாவது கேள்விக்கு விடை இல்லாமல் தொடங்கினால் குளிசையின் பெயர் எதுவானாலும் சில மாதத்தில் நிலைமை ஒன்றுதான். போட்டாலும் நல்ல நித்திரை இல்லை, போடாவிட்டால் துண்டற நித்திரை இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இரவு 8 மணிக்கே கண்ணயர்ந்து, 2 மணிக்கு முழித்து, "விடிய விடிய நித்திரை இல்லைப் பிள்ளை" என்று சொல்லும் ஆச்சிக்கு ஏற்கெனவே 6 மணித்தியாலம் கிடைத்துவிட்டது. மத்தியானம் விறாந்தையில் ஒரு மணித்தியாலம் சரிந்திருந்தால் 7. இவருக்கு வேண்டியது குளிசை அல்ல. படுக்கும் நேரத்தை 10 மணிக்குத் தள்ளுவதுதான். கிளினிக்கில் ஐந்து நிமிடம் மட்டும் கிடைக்கும்போது இந்தக் கணக்கு கேட்கப்படாமலே போகிறது. துண்டில் "இரவு ஒன்று" ஏறிவிடுகிறது.

அடுத்தது, ஏற்கெனவே விழுங்கும் மருந்துகள். நீர் போக எழுதப்படும் ஃபுரோஸமைட்டைப் பின்னேரம் போட்டால் இரவு முழுக்கக் கழிப்பறைக்கு நடைதான். ஸ்ரெரொயிட் மருந்தான பிரெட்னிசொலோனைக் காலையில் போடாமல் இரவில் போட்டால் மூளை விழித்தே கிடக்கும். முட்டுக்கு எடுக்கும் தியோபிலினும் சல்பியூட்டமோல் குளிசையும் படபடப்பைத் தரும். புரொப்ரனோலோல் சிலருக்குக் கெட்ட கனவு கொண்டுவரும். இவற்றின் நேரத்தையோ வகையையோ மாற்ற முடியுமா என்று எழுதிய வைத்தியரிடம் கேட்பது, இன்னொரு குளிசை சேர்ப்பதைவிட மலிவு. பின்னேரம் 5 மணித் தேத்தண்ணியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி, 10 மணிக்கும் உடலில் இருக்கும். உரத்த குறட்டையும், இடையில் மூச்சு நின்று திணறலும், பகலில் தூங்கி விழுதலும் சேர்ந்திருந்தால் அது மூச்சுத்தடை; அதற்கு மயக்கக் குளிசை கொடுப்பது ஆபத்து. விடியப்புறம் 3 மணிக்கு முழிப்பு, சாப்பாட்டில் விருப்பமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அங்கே நித்திரைக் குளிசை வருத்தத்தை மூடி மறைக்கும், அவ்வளவே.

எழுதும் பழக்கம் எப்படி மாறி வந்தது என்பது தெரிவுக்கு உதவும். 1903இல் பார்பிற்றூரேற்றுகள் என்ற மயக்க மருந்துகள் வந்தன. அளவு சற்றுக் கூடினால் உயிரையே எடுப்பவை. 1960இல் லிப்ரியமும் 1963இல் வேலியம் என்ற டயஸிபாமும் வந்தபோது, "இவை பழக்கமாகாது" என்று நம்பப்பட்டது. பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988இல் இவற்றை 2 முதல் 4 வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தது. அதே காலத்தில் சொல்பிடெம் என்ற புதுவகை நித்திரைக் குளிசை வந்தது, "பழக்கமாகாது" என்ற அதே வாக்குறுதியோடு. 1989இல் நியூயோர்க் மாநிலம், லிப்ரியமும் வேலியமும் சேர்ந்த குடும்பமான பென்சோடயஸிபைன்களுக்கு மூன்று பிரதித் துண்டைக் கட்டாயமாக்கியது. அந்த மருந்துகளின் எழுத்து சட்டென இறங்கியது. பதிலாக மெப்ரோபமேற், குளோரல் ஹைட்ரேற் போன்ற பழைய, கூடுதல் ஆபத்தானவை ஏறின. அமெரிக்காவில் 1996இல் வளர்ந்தோரில் 4.1 வீதத்தினர் ஓராண்டில் பென்சோடயஸிபைன் துண்டு ஒன்றையாவது நிரப்பினர். 2013இல் அது 5.6 வீதம். 2008ஆம் ஆண்டுக் கணக்கில் 18 முதல் 35 வயதினரில் 2.6 வீதம், 65 முதல் 80 வயதினரில் 8.7 வீதம். மிகக் குறைவாகக் கொடுக்க வேண்டிய வயதினருக்கே மிகக் கூடுதலாகப் போயிருக்கிறது. அண்மைக் காலத்தில் மனச்சோர்வுக்கான டிரஸொடோன், கடும் மனநோய்க்கான குவெற்றியபின் போன்றவை அந்த இடத்துக்கு வருகின்றன. ஒரு கதவைச் சாத்தினால் பக்கத்துக் கதவு திறக்கும் இந்தப் போக்கை மனதில் வைத்துக்கொண்டு கீழுள்ளவற்றைப் பாருங்கள்.

குளிசை இல்லாத வழி

மூன்று மாதத்துக்கு மேல் நீண்ட நித்திரையின்மைக்கு, அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இலும், ஐரோப்பிய வழிகாட்டல் 2017இலும் 2023இலும் முதலிடம் கொடுத்தது அறிவு-நடத்தைச் சிகிச்சைக்கு. பெயர் பெரிது, வேலை எளிது. ஆனால் முதல் இரண்டு கிழமை கசக்கும்.

ஒரு கொப்பியில் 14 நாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தது, ஏறக்குறைய எப்போது கண் மூடியது, இடையில் எவ்வளவு முழிப்பு, எப்போது எழும்பியது. படுக்கையில் 9 மணித்தியாலம் கிடந்து ஐந்தரை மணித்தியாலம்தான் நித்திரை என்றால் நித்திரைத் திறன் 61 வீதம். இனிப் படுக்கை நேரமே ஐந்தரை மணித்தியாலம்: இரவு 11.30 முதல் காலை 5 வரை. ஐந்து மணித்தியாலத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. எழும்பும் நேரம் ஞாயிறானாலும் திருவிழாவானாலும் மாறாது. மத்தியானச் சரிவு கிடையாது. ஏறக்குறைய 20 நிமிடம் நித்திரை வராவிட்டால் எழும்பி வேறு இடத்தில், மங்கல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். கண் சொருகும்போதுதான் திரும்பப் பாய்க்கு. மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம், கைத்தொலைபேசியையும்தான். ஒரு கிழமைச் சராசரித் திறன் 85 வீதத்தைத் தாண்டினால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னுக்கு எடுங்கள். 80க்குக் கீழே நின்றால் 15 நிமிடம் குறையுங்கள்.

இது பிழைப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில். நான்காம், ஐந்தாம் இரவில் பகல் அலுப்புத் தாங்காமல், 9 மணிக்கே படுத்துவிடுவார்கள். சேர்த்துக் கட்டிய நித்திரைப் பசி முழுக்க அன்றே கரைந்துவிடும். கனடாவிலிருந்து பிள்ளைகள் எடுக்கும் நடுச்சாம அழைப்பும் ஒரு காரணம். அந்த நேரத்தைப் பின்னேரத்துக்கு மாற்றிக் கேளுங்கள், அவர்களுக்கு அப்போது காலை. வலிப்பு உள்ளவர், இருதுருவ மனநோய் உள்ளவர், இரவு பஸ் ஓட்டுபவர் ஆகியோர் இந்த நேரக் குறைப்பைத் தனியே செய்யக் கூடாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. "பைத்தியத்துக்குக் காட்டுற இடம்" என்று கூசி, அங்கே போகாமல் பத்து வருடம் குளிசை விழுங்குவது வீண்.

டயஸிபாம், குளோனஸிபாம், அல்பிரஸோலாம்

மூன்றும் ஒரே பென்சோடயஸிபைன் குடும்பம். வேறுபாடு பலத்திலும் உடலில் தங்கும் காலத்திலும். இங்கே அதிகம் நடக்கும் பிழை எண்ணைப் பார்த்து ஏமாறுவது. "அது ஐந்து, இது அரைதானே, குழந்தைக் குளிசை" என்று குளோனஸிபாம் 0.5ஐச் சொல்வார்கள். வழக்கமான ஒப்பீட்டில் குளோனஸிபாம் 0.5 மில்லிகிராமும் அல்பிரஸோலாம் 0.5 மில்லிகிராமும், டயஸிபாம் 10 மில்லிகிராமுக்கு ஏறக்குறையச் சமன். அதாவது அந்த அரை, இரண்டு ஐந்து. லோராஸிபாம் என்றால் 1 மில்லிகிராம்.

டயஸிபாமின் அரைவாழ்வு, அதாவது உடலில் அதன் அளவு பாதியாக எடுக்கும் நேரம், 20 முதல் 50 மணித்தியாலம். ஈரல் அதை உடைத்து உண்டாக்கும் பொருளுக்கு 100 வரை போகும். முதல் இரவு சுகமாக இருக்கும். எட்டாம் நாளில் பழையது போகாமல் புதியது சேர்ந்து, பகலிலும் தலை கனத்து, நடை தள்ளாடும். குளோனஸிபாம் 30 முதல் 40 மணித்தியாலம், அதே தொல்லை. அல்பிரஸோலாம் ஏறக்குறைய 11 மணித்தியாலம் என்பதால் மறுநாள் மத்தியானத்தில் இறங்கிவிடும். இறங்கும்போது பதற்றம் ஏறும், உடனே இரண்டாவது குளிசை. விடுவதற்கு மிகக் கடினமானது இதுதான் என்பது எங்கள் கணிப்பு. நித்திரைக்காக மட்டும் இதைத் தொடங்குவதில் ஒரு நியாயமும் இல்லை. படர்தாமரைக்கு இற்றாகொனஸோல் எழுதப்பட்டவர் அல்பிரஸோலாமைச் சேர்த்துப் போடவே கூடாது. ஈரல் அதை உடைக்க முடியாமல் அளவு பலமடங்காகும்.

கொடுக்கத்தான் வேண்டுமென்றால், பதற்றம் உச்சத்தில் நிற்கும் சில நாளுக்கு, டயஸிபாம் 2 முதல் 5 மில்லிகிராம், 7 நாளுக்கு மட்டும் எண்ணிக் கொடுப்பது ஏற்கக்கூடியது. நான்கு கிழமை கடைசி எல்லை.

செத்தவீட்டை இங்கே தனியே சொல்ல வேண்டும். கணவனையோ பிள்ளையையோ இழந்தவருக்கு "கொஞ்சம் படுக்கட்டும்" என்று யாரோ ஒரு குளிசையை நீட்டுவது எங்கள் ஊரில் அன்பின் அடையாளம். உலக சுகாதார அமைப்பின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டல் இதற்கு நேரெதிர்: வேறு மனநோய் இல்லாத துயரப்பட்டவருக்கும், அதிர்ச்சிச் சம்பவம் நடந்து முதல் மாதத்தில் நித்திரை இழந்தவருக்கும் பென்சோடயஸிபைன் கொடுக்க வேண்டாம் என்கிறது. துக்கத்தை அது குறைப்பதில்லை. இரவு ஆட்கள் கூட இருந்து கதைக்கும் பழைய வழக்கம் அதைவிட நல்ல மருந்து. எட்டுச் செலவு வரை என்று தொடங்கிய குளிசை, 31ஆம் நாள் அந்தியேட்டியைத் தாண்டியும் போனால், நான்கு கிழமை எல்லையையும் தாண்டிவிட்டது என்று பொருள்.

சொல்பிடெம், சொபிகுளோன்

படுத்தவுடன் நித்திரை வராதவருக்குப் பொருத்தம். சொல்பிடெமின் அரைவாழ்வு 2 முதல் 3 மணித்தியாலம்தான். 3 மணிக்கு முழிப்பவருக்கு அது உதவாது, ஏனெனில் அப்போது மருந்து போய்விட்டிருக்கும். சொபிகுளோன் 5 மணித்தியாலம்; காலையில் வாயில் கசப்புலோகச் சுவை இருக்கும். 2013இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பெண்களுக்கான சொல்பிடெம் தொடக்க அளவை 10இலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது, காலையிலும் அவர்களின் இரத்தத்தில் வாகனம் ஓட்ட முடியாத அளவு மீந்திருந்ததால். எங்கள் பக்கத்துத் துண்டுகளில் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதியவருக்கும் 5தான்.

வெறும் வயிற்றில், படுக்கையில் இருந்தபடி போட வேண்டும். முழுச்சாப்பாட்டின் மேல் போட்டால் ஏறத் தாமதிக்கும்; "வேலை செய்யேல்லை" என்று இன்னொன்று போடுவார்கள், இரண்டும் சேர்ந்து ஏறும். அடுத்த 7, 8 மணித்தியாலத்துக்கு எழும்ப வேண்டிய வேலை இருக்கக் கூடாது. ஆகவே விடியப்புறம் 3 மணிக்குக் கடலுக்குப் போகும் தொழிலாளிக்கும், ஏ9இல் இரவு பஸ் ஓட்டுபவருக்கும் இது கிடையாது. மெதுவாகக் கரையும் வகையை உடைக்கக் கூடாது. நித்திரையிலேயே எழும்பி நடத்தல், சமைத்தல், மோட்டார் சைக்கிள் எடுத்தல், காலையில் ஒன்றும் நினைவில்லாமை ஆகியவற்றுக்காக 2019இல் அமெரிக்காவில் மிகக் கடுமையான எச்சரிக்கை இதில் ஏற்றப்பட்டது. ஒருமுறை அப்படி நடந்தால் மறுபடி தொடவே கூடாது. முற்றத்தில் கட்டுத் தாழ்ந்த கிணறு உள்ள வீட்டில் இதை இரண்டு தரம் யோசியுங்கள்.

துண்டில்லாமல் கிடைப்பவை

பிரிற்றன் என்ற குளோர்ஃபெனிரமின் 4 மில்லிகிராம் தடிமனுக்கானது, நித்திரைக்கும் விழுங்கப்படுகிறது. மலிவு, பயமில்லை என்ற எண்ணம். சில இரவிலேயே நித்திரை விளைவு தேய்ந்துவிடும். ஆனால் வாய் உலர்தல், மலச்சிக்கல், புரஸ்தக் கோளாறு உள்ள ஐயாவுக்குச் சிறுநீர் அடைத்தல், முதியவருக்குப் புத்தித் தடுமாற்றம் ஆகியவை தேய்வதில்லை. வெளிநாட்டிலிருந்து பொதியில் வரும் "பிஎம்" எழுத்துள்ள வலிக் குளிசைகளில் இதே வகையைச் சேர்ந்த டைஃபென்ஹைட்ரமினும் பரசிற்றமோலும் இருக்கும். அதோடு பனடோலையும் போட்டால் பரசிற்றமோல் இரட்டிப்பு.

மெலற்றோனினும் அதே பொதியில் வருகிறது. கனடாவில் கடையில் எடுக்கலாம், பிரித்தானியாவில் துண்டு வேண்டும். கனடாக் கடைகளில் வாங்கிய 31 மெலற்றோனின் பொருட்களை ஆராய்ந்து 2017இல் வெளியான முடிவு: சுட்டியில் போட்ட அளவைவிட 83 வீதம் குறைவு முதல் 478 வீதம் கூடுதல் வரை உள்ளே இருந்தது. இது மயக்க மருந்து அல்ல, உடலின் இரவு மணியை அடிப்பது. நேரம் மாறிய பயணத்துக்கும், 55 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2 மில்லிகிராம் மெதுவாகக் கரையும் வகையாகவும் பயன் உண்டு. படுக்க 1 முதல் 2 மணித்தியாலத்துக்கு முன் போட வேண்டும். பாயில் விழுந்தபின் 10 மில்லிகிராம் விழுங்கி "ஒன்றும் நடக்கேல்லை" என்பவர்கள், நேரத்தையும் அளவையும் சேர்த்தே பிழைவிடுகிறார்கள். பயன் சிறிது, பழக்கமாகாது என்பதே இதன் பெரிய பலம்.

வேறு வருத்தத்துக்கான மருந்துகள்

அமிற்றிப்ரிலின் 10 அல்லது 25 மில்லிகிராமை நரம்பு நோவோ தலையிடியோ சேர்ந்திருப்பவருக்கு இரவில் கொடுப்பது நியாயம். நித்திரைக்காக மட்டும் என்றால் பிரிற்றனின் குற்றங்கள் இதிலும் உண்டு. அளவு மீறினால் இதயத் துடிப்பையே குழப்பும் மருந்து என்பதால், மனம் நொந்தவர் இருக்கும் வீட்டில் ஒரு மாதத் தொகையை வைத்திருக்கக் கூடாது. மேர்ற்றாஸபின் மனச்சோர்வும் பசியின்மையும் மெலிவும் உள்ளவருக்கு ஒரே கல்லில் மூன்று. கொழுத்தவருக்கும் சீனி வருத்தக்காரருக்கும் எடை ஏற்றும். குவெற்றியபின் சிறு அளவாயினும் அதே எடை, சீனிக் கவலைதான். நரம்பு நோவுக்கு எழுதப்படும் பிரிகாபலின் நித்திரைக் குளிசையே அல்ல. அதுவும் பழக்கமாகும், இலங்கையில் இளைஞரிடையே போதைக்காகப் பரவி, கள்ளச் சந்தைப் பொருளாகவும் ஆகிவிட்டது. மூளையின் விழிப்புச் சமிக்ஞையை மறிக்கும் ஓரெக்சின் தடுப்பான்கள், 2014இல் வந்த சுவொரெக்சன்ற் முதலியவை, மேற்கில் பேசப்படுகின்றன. இங்கே இப்போதைக்கு யாரும் அவற்றை வைத்துத் திட்டம் போட வேண்டியதில்லை.

எதைப் போட்டாலும் பனங்கள்ளோ சாராயமோ ஒரு சொட்டும் கூடாது. வலிக்கான திரமடோல், கொடெயின் சேர்ந்த இருமல் பாணி, மோர்ஃபின் ஆகியவற்றோடு பென்சோடயஸிபைன் சேர்ந்தால் நித்திரையில் மூச்சு மெலிந்து நிற்கலாம்.

ஏற்கெனவே வருடக்கணக்கில் போடுபவருக்கு

இங்கே தெரிவு மூன்று: அப்படியே தொடர்வது, ஒரே நாளில் நிறுத்துவது, படிப்படியாகக் குறைப்பது. நடுவில் உள்ளதை முதலில் வெட்டிவிடுங்கள். திடீரென நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, கடும் பதற்றம், சிலருக்கு வலிப்பு வரும். வலிப்பு வந்தால் 1990க்கு அழையுங்கள். 2022 மருந்துத் தட்டுப்பாட்டைப்போல் கடையில் இல்லாமல் போனாலும் இதே ஆபத்து. கடைசிப் பத்து குளிசை இருக்கும்போதே வைத்தியரிடம் போங்கள். வலிப்பு நோய்க்காகவே குளோனஸிபாம் அல்லது குளோபஸாம் எடுப்பவர் இந்தப் பகுதியை விட்டுவிடலாம். அது அவரின் வலிப்பு மருந்து.

தொடர்வதா, குறைப்பதா என்பதில் 65க்கு மேற்பட்டோருக்கு எங்கள் பக்கச்சார்பு வெளிப்படையானது: குறைப்பது. கழிப்பறை வீட்டுக்கு வெளியே, படி இரண்டு, இரவு 2 மணி, மயக்கம். இடுப்பெலும்பு முறிவுக்கு வேறொன்றும் வேண்டாம். முடியாத காரியமும் இல்லை. கனடாவில் 2014இல் வெளியான ஆய்வில், நீண்டநாள் பாவனையாளரான முதியோருக்கு ஆபத்தையும் குறைக்கும் படிகளையும் விளக்கும் கைநூல் ஒன்று மட்டும் அனுப்பப்பட்டது. ஆறு மாதத்தில் 27 வீதத்தினர் விட்டுவிட்டனர். கைநூல் கிடைக்காதவரில் 5 வீதம். புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர் என்றால் தொடர்வதில் பிழையில்லை.

டயஸிபாம் 10 மில்லிகிராம் இரவில் போடுபவருக்கு, 5 மற்றும் 2 மில்லிகிராம் குளிசைகளால் படி இறங்கும் வகை: 10க்குப் பின் 9 (ஒரு ஐந்து, இரண்டு இரண்டு), 8 (நான்கு இரண்டு), 7 (ஒரு ஐந்து, ஒரு இரண்டு), 6, 5, 4, பின் 3 (ஒன்றரை இரண்டு), 2, 1. ஒவ்வொரு படியிலும் இரண்டு கிழமை. ஏறக்குறைய நான்கு மாதம். 5க்குக் கீழே பலருக்கு மூன்று, நான்கு கிழமை தேவைப்படும், ஏனென்றால் 2இலிருந்து 1க்கு இறங்குவது பாதியை வெட்டுவது. 2 மில்லிகிராம் கிடைக்காவிட்டால் ஐந்தைக் குளிசை வெட்டியால் காலாக்கினால் 1.25 வரும். குளோனஸிபாம் 0.5ஐக் கால் ஆக்கினாலும் ஒவ்வொரு படியும் 25 வீதம், அது பெரிய படி. ஆகவே வைத்தியர் டயஸிபாமுக்கு மாற்றிவிட்டுக் குறைப்பார். அந்த மாற்றலைச் சொந்தக் கணக்கில் செய்ய வேண்டாம்.

ஒரு படியில் நித்திரை குழம்பினால் அங்கேயே நில்லுங்கள், மேலே ஏற வேண்டாம். குறைத்த முதல் ஐந்தாறு இரவு வரும் முழிப்பு பழைய வருத்தம் திரும்பியதல்ல, மூளை மருந்தில்லாமல் பழகுவது. இதைச் சொல்லாமல் குறைக்கத் தொடங்கியவர்கள்தான் மூன்றாம் இரவில் முழுக் குளிசைக்குத் திரும்புகிறார்கள். குளிசையைக் குறைக்கத் தொடங்குவதற்கு இரண்டு கிழமை முன்பே, மேலே சொன்ன படுக்கை நேரக் கணக்கைப் பழகினால் இடறுவது குறையும். வியர்த்துக் கொட்டும் வைகாசியில் தொடங்குவதைவிட, இரவு குளிரும் மார்கழி நல்லது. வெக்கையில் எவருக்கும்தான் நித்திரை வராது.

கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் தொடங்கிய திகதி, இப்போதைய படி, அடுத்த குறைப்புத் திகதி மூன்றையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு மாதமும் வேறு வைத்தியர் பார்த்து "பழையதையே தொடரவும்" என்று எழுதும்போது அந்த மூன்று வரிதான் உங்களுக்காகக் கதைக்கும். மிஞ்சியவற்றை அயலாருக்குக் கொடுக்காமல், அலுமாரியில் சேர்க்காமல், மருந்துக்கடையிலோ கிளினிக்கிலோ ஒப்படையுங்கள். குறைக்கும் நாட்களில் வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் வந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.